சனியைக் குடித்த சாம்பல்

ஆராவ்,
புரட்டாசி இரண்டாம் சனி கழிந்த திங்கட்கிழமை.

அன்புள்ள தம்பி பாலச்சந்திரன் மாஸ்டருக்கு,

உன் மூத்த அக்கா தில்லைநாயகி எழுதிக்கொள்வது. என் முழங்கால்கள் இரண்டையும் தவிர இந்த வீட்டில் எல்லாரும் சுகம். அங்கே உன்னுடைய சலரோகமும் உன் மனிசி சிவகலாவின் இடுப்பு நாரிப்பிடிப்பும் உங்கள் இருவருக்கும் அடங்கி நடக்க நல்லூர்க் கந்தனை மன்றாடுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு சொல் தொடங்கினால் நீ மூன்று சொல்லோடு குறுக்கே விழுவாய். கடிதத்துக்குக் குறுக்கே விழ ஏலாது. இங்கே ஓர்லிகோனில் கடை வைத்திருக்கும் செல்வரஞ்சன் புதன்கிழமை ஊருக்குப் பறக்கிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கூட வரும் சொக்கிலேட் சிவகலாவுக்கு. உனக்கு இல்லை. அதற்குச் சலரோகம் மட்டும் காரணம் இல்லை, மற்றக் காரணம் கீழே வரும்.

நேற்றைக்கு முந்தின ஞாயிறு வீடியோவில் வந்து நீ யதுஷாவின் படிப்பைப் பற்றிச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. எனக்கு ஒன்றும் மறக்காது என்பது உனக்குத் தெரியும். பேத்தி மருந்துப் படிப்பை நல்லபடி முடித்துவிட்டாள். இனி மேற்படிப்புக்கு, அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஈயத்தைத் தங்கமாக்கப் பார்த்தவர்கள், கிரகம் பார்த்து மருந்து கொடுத்தவர்கள், சூனியக்காரர் என்று பிடித்து எரிக்கப்பட்டவர்கள், இவர்களுடைய வரலாற்றைப் பாசல் பல்கலைக்கழகத்தில் படிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். மருமகன் குகதாசனுக்கோ அவள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மருந்துக்கடையில் நிற்கவேண்டும். "எனக்கு உதுகள் விளங்காது. மாமா கெமிஸ்ட்ரி மாஸ்டர். அவர் ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை" என்று பாரத்தைத் தூக்கி உன் தலையில் வைத்தார். நீ என்ன செய்தாய்? சிரித்தாய். "உந்தப் பேய்ப் படிப்பைப் படிச்சுப்போட்டு என்ன, வேப்பிலை அடிக்கப் போறாவோ?" என்றாய். பின்னால் நின்ற சிவகலாவும் சிரித்தாள், அதையும் மனதில் வைத்திருக்கிறேன். பிள்ளை மடிக்கணினியை மூடினாள். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம் போடுகிறாளே தவிர வாயில் வைக்கிறாள் இல்லை. விண்ணப்பம் அனுப்புவதற்கு இந்த மாதக் கடைசிவரைதான் தவணை. வருகிற ஞாயிறு முடிவு சொல்வதாக நீ மருமகனிடம் ஒத்துக்கொண்டிருக்கிறாய். ஆகவே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு, ஞாயிறுக்கு முன்னம் இதை ஒரு எழுத்து விடாமல் வாசி.

உண்மையைச் சொன்னால் நானும் முதலில் உன் பக்கம்தான் நின்றேன். பேய் என்றால் நீ சிரிக்கிறவன், நான் பயப்படுகிறவள். பாதை வேறானாலும் பிள்ளையை மறிக்கிற இடத்தில் இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றோம். மகள் சுகந்தி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "அம்மா, சனிக்கிழமை நீங்களும் அவளோடை பாசலுக்குப் போட்டு வாங்கோ. போற வழியில மெல்லமாக் கதைச்சு மனதை மாத்துங்கோ. எங்கட சொல்லை அவள் கேக்கிறாள் இல்லை" என்றாள். சனிக்கிழமைகளில் யதுஷா பாசலின் பழைய தெருக்களை வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிற வேலை செய்கிறாள். இரசவாதிகள் இருந்த வீடு, சூனியக்காரர் வழக்கு நடந்த இடம், இப்படி. நான் சனி விரதம், ஒருநேரச் சாப்பாடு. விடியக் குளித்து, எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றி, கைப்பைக்குள் காவலுக்கு ஒரு புளித் தேசிக்காயை வைத்துக்கொண்டு புறப்பட்டேன். பேய்கள் குடியிருந்த ஊருக்குப் போகிறவள் வெறுங்கையோடு போவாளோ?

ரயில் மலைக்குள்ளே புகுந்து இருண்டதும் முருகா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முகம் துடைக்க லேஞ்சியை எடுப்பம் என்று பையைத் திறந்தேன், தேசிக்காய் குதித்து இறங்கி, பெட்டியின் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல்வரை உருண்டு போய்விட்டது. கழுத்துவரை பச்சை குத்தின ஒரு பெரிய ஆள் அதைப் பொறுக்கி, மணந்து பார்த்து, கண்ணை மூடி ஒரு சிரிப்புச் சிரித்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து தந்தான். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்நியன் மணந்த தேசிக்காயில் என்ன காவல் மிஞ்சும்? நான் காவலில்லாத ஆளாகத்தான் பாசலில் இறங்கினேன் என்று வைத்துக்கொள். அதற்கிடையில் பிள்ளையிடம் கதையைத் தொடங்கியும் பார்த்தேன்.

"மோனை, உனக்கு ஏனடி உந்தப் பேய்ப் படிப்பு?"

"அம்மம்மா, நான் பேய் படிக்கேல்லை. பேய்க்குப் பயந்த ஆக்கள் என்னென்ன செய்தவை எண்டு படிக்கிறன்."

"அதுக்கு ஏன் பல்கலைக்கழகம்? என்னைக் கேட்டால் சொல்லுவன்தானே?"

"ஓம், அதுதான் இண்டைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள். உன்னுடைய வாய்த்துடுக்கு அவளுக்கும் வந்திருக்கிறது.

தம்பி, அந்த ஊரை நீ படத்திலும் கண்டிருக்கமாட்டாய். சிவத்தக் கல்லில் கட்டின பெரிய தேவாலயம், அதன் காலடியில் பச்சைத் தண்ணீராய் றைன் ஆறு. தெருக்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன, ஒன்றாவது என் முழங்காலைக் கேட்டுக் கட்டவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு மேலும் வீட்டின் பெயரும் அது எந்த ஆண்டு தொடக்கம் இருக்கிறது என்பதும் எழுதியிருக்கிறது. பிள்ளை வாசிக்க வாசிக்க நான் விரலில் கணக்குப் பார்த்தேன். நம்முடைய நாட்டுக்குப் பறங்கியன் கப்பலில் வந்து இறங்க முன்னமே இந்த வீடுகளுக்குள்ளே ஆக்கள் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்! இப்போதும் யன்னலில் பூச்சாடி வைத்துக்கொண்டு குடியிருக்கிறார்கள். இடிக்கவும் இல்லை, ஒரு செல் குண்டு விழவும் இல்லை.

ஒரு தெருமுனையில் தண்ணீர்த் தொட்டி, அதன் மேலே செம்பில் செய்த ஒரு பிராணி. தலை சேவல், உடம்பு பாம்பு, பறக்கச் செட்டை வேறு. நான் அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். எங்கள் முருகனிடம் சேவல் கொடியில் இருக்கிறது, பாம்பு மயிலின் காலடியில் இருக்கிறது. இவர்கள் இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஐயோ அம்மம்மா, செருப்பைப் போடுங்கோ! அது சாமி இல்லை. அது பசிலிஸ்க். அதைப் பாத்தாலே ஆள் செத்திடும் எண்டு அந்தக் காலத்தில பயந்தவை."

"அப்ப ஏன் அதின்ர வாயால வாற தண்ணியை உந்தப் பொடியள் குடிக்கினம்?"

"இப்ப அது இந்த ஊரின்ர காவல் அடையாளம். ஊர் முழுக்க இப்பிடித் தொட்டியள் இருக்கு."

பார்த்தாயா, கொல்லுகிற பிராணியையே காவலுக்கு வைத்துவிட்டார்கள். நாங்கள் பயந்த அம்மனுக்குப் பொங்கல் வைத்துச் சமாதானம் பண்ணுகிற மாதிரித்தான். நீயும் உன் சினேகிதர்களும் எங்களைத்தான் மூடநம்பிக்கை என்று பேசினீர்கள்.

அதற்குள் சுற்றிப்பார்க்கிற ஆக்கள் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள், ஒரு நாயும். என் பேத்தி கையைத் தூக்கினால் பத்துப் பேரும் நிற்கிறார்கள், கையை இறக்கினால் நடக்கிறார்கள். வீட்டில் சத்தமில்லாமல் திரிகிற பிள்ளைக்கு அந்தத் தெருவில் எங்கேயிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. அவர்களுக்கு ஜெர்மனில் சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து தமிழில் சொல்லுவாள். ஐந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி இந்த ஊரில் ஒரு சேவல் முட்டையிட்டுவிட்டதாம். சேவல் இட்ட முட்டையில்தான் அந்தப் பசிலிஸ்க் பிறக்கும் என்று ஊர் நடுங்கியதாம். சேவலைப் பிடித்து வழக்கு வைத்து, குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, முட்டையோடு சேர்த்து எரித்தார்களாம். நான் கேட்டேன், "சேவலுக்கு வழக்குப் பேச அப்புக்காத்து வைச்சவங்களோ?" அவள் அதைத் தன் ஆக்களுக்குச் சொல்ல, பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பகிடிக்குக் கேட்கவில்லை. நம்முடைய வேலி வழக்குக்கு நீ பிடித்துத் தந்த அப்புக்காத்து கடைசித் தவணைக்கு வராமல் விட்டவர். அவர் வந்திருந்தால் அந்த வேலித் துண்டு இன்றைக்கும் எனக்கு.

பிறகு ஒரு வைத்தியனின் கதை சொன்னாள். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இந்த ஊருக்கு வைத்தியனாக வந்து, இரசவாதமும் செய்து, பெரிய ஆக்களோடு கொழுவி, ஒரு வருசம் சொச்சத்தில் ஊரை விட்டே ஓடினவனாம். பெயர் எனக்கு நல்ல ஞாபகம், ஆனால் அதைத் தமிழில் எழுத எங்களிடம் எழுத்துக் காணாது. பழைய வைத்தியப் புத்தகத்தைத் தன் மாணாக்கப் பொடியளின் முன்னாலேயே நெருப்பில் போட்டானாம். அதைவிட, அந்த நாளில் பல்கலைக்கழகத்தில் எல்லாம் லத்தீன்தான், இவன் மட்டும் தெருவில் நிற்கிற ஆக்களும் விளங்கிக்கொள்ளுகிற ஜெர்மனில் படிப்பித்தானாம். அதைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் நடக்கவில்லை. முழங்கால் என்று நினைத்துப் பிள்ளை ஓடி வந்தாள். முழங்கால் இல்லை தம்பி. ஐந்தாம் வகுப்பில் நான்தான் முதலாம் பிள்ளை. நீ பிறந்தாய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, ஏணை ஆட்ட ஆள் வேண்டும் என்று என்னை மறித்துவிட்டார்கள். நான் ஆட்டின ஏணைக்குள் கிடந்தவன் ரசாயன மாஸ்டராக வந்தான். வந்து என்ன செய்தான்? ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இருந்து நீலக் கடதாசியும் ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுவந்து, கடதாசியைத் தோய்த்துச் சிவப்பாக்கிக் காட்டி, "அக்கா, அம்மாளாச்சி கோவிச்சிட்டா" என்றான். நான் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்தேன். நீ அதை மாஸ்டர்மாரின் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும். சொக்கிலேட் இல்லாததற்கு இதுதான் அந்த மற்றக் காரணம்.

இனித்தான் முக்கியமான இடம். ஒரு ஒடுங்கின படிக்கட்டுத் தெருவில் ஃபிராவ் ஹுன்சிக்கர் என்று ஒரு மனிசியின் வீடு. உலோகத்தைச் சோதிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவ. என்னைவிட நாலைந்து வயது இளமை இருக்கும், ஆனால் படியில் ஆடு மாதிரி ஏறுவா. தன் வீட்டு நிலவறையை அந்தக் காலத்து இரசவாதியின் வேலைத்தலம் மாதிரி அமைத்து வைத்திருக்கிறா. "நீங்கள் கீழ போங்கோ, நான் கோப்பியைக் குடிச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லி எங்களை இறக்கிவிட்டா. அப்பனே முருகா! முகட்டில் இருந்து ஒரு முதலை தொங்குகிறது, பஞ்சடைத்தது. ஒரு பக்கம் செங்கல் உலை, துருத்தி. மறு பக்கம் நீண்ட மூக்கு வைத்த கண்ணாடிப் பாத்திரங்கள், தீநீரை ஆவியாக்கி வாலை வடிக்கிறது. சுவர் முழுக்கச் சாடிகள். ஒரு சாடியைக் காட்டிப் பிள்ளை சொன்னாள், அந்தக் காலத்தில் எகிப்தில் இருந்து பழைய பிரேதத்தைக் கொண்டுவந்து பொடியாக்கி, காயத்துக்கும் இருமலுக்கும் மருந்தென்று விழுங்கினவையாம். பெரிய பெரிய துரைமார் விழுங்கினவையாம். நான் வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத் தண்டனை அரைமணித்தியாலத்துக்குள் கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் மண்ணிறத்தில் உருண்டையாய் ஒரு கல், ஆட்டின் வயிற்றில் விளைவது, நஞ்சை முறிக்கும் என்று ராசாக்கள் பொன்னில் கட்டி வைத்திருந்தவையாம். "இது கோரோசனையின்ர சாதியெல்லோ!" என்று கத்திவிட்டேன். நம்முடையது மாட்டில் எடுக்கிறது, இது ஆட்டில் எடுத்தது, அவ்வளவுதான். உனக்கும் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவினது நான்தான். அது சரியாய் வேலை செய்யவில்லை என்பது இப்போது தெரிகிறது.

உலைக்கு மேலே ஏழு கிரகங்களையும் கீறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு உலோகம் எழுதியிருந்தது. சூரியனுக்குப் பொன், சந்திரனுக்கு வெள்ளி, செவ்வாய்க்கு இரும்பு, புதனுக்குப் பாதரசம், வியாழனுக்கு வெள்ளீயம், சுக்கிரனுக்குச் செம்பு, சனிக்கு ஈயம். கோயிலில் நான் சுற்றுகிற அதே ஆக்கள், பாசலில் ஒரு நிலக்கீழ் அறையில்! ஒவ்வொருவராய் எண்ணிப் பார்த்தேன். சனிக்கு நாங்கள் இரும்பு என்கிறோம், அதில் கொஞ்சம் மாறாட்டம். "ராகுவும் கேதுவும் எங்கை?" என்று கேட்டேன். "இவைக்கு அவை இல்லை அம்மம்மா" என்றாள். அப்படியென்றால் தங்கம் எப்படி வரும்? ஒன்பது பேரில் இரண்டு பேருக்குச் சொல்லாமல் காரியம் தொடங்கினால் அந்த இரண்டு பேரும் சும்மா இருப்பார்களோ? உன் கலியாணத்துக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கு ஆள் சொல்லாமல் பொதுவாய்ச் சொன்னதையே நான் இன்னும் மறக்கவில்லை.

இந்தப் பரவசத்தில் நிற்கும்போதுதான், கிரகங்களுக்கு நேர் கீழே, உலை ஓரத்தில், ஒரு பித்தளைக் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று திருநீறு. நீ சொல்லு, நவக்கிரகம் மேலே, நெருப்பு பக்கத்தில், பித்தளைக் கிண்ணத்தில் வெந்து வெளுத்த நீறு, ஒரு சைவக்காரி அதைத் தாண்டிப் போவாளோ? மூன்று விரலால் அள்ளி, சிவசிவா என்று நெற்றி நிறையப் பூசி, மிச்சத்தை வாயில் போட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு உயரமான வயசாளி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளுக்குக் கொடுக்காமல் விடுவது மரியாதை இல்லை. கையைத் தூக்கினேன், அவர் பவ்வியமாய்க் குனிந்தார். பூசி, "நல்லா இரு மோனை" என்றேன். அவருக்குப் பின்னால் அவர் மனிசி வந்து குனிந்தா. பிறகு பார்த்தால் பத்துப் பேரும் வரிசை. சுற்றிக்காட்டுகிறதில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள். யதுஷா மறுபக்கத்தில் துருத்தியை ஊதிப் பார்த்துக்கொண்டு நின்றவள், இதைக் காணவில்லை. கடைசியில் ஒருத்தி நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்கும் பூசினேன், பைரவர்தானே. பிள்ளை திரும்பினாள், "அம்மம்மா, நைன்! வேண்டாம்! வாயில போட்டியளோ?" என்று அவள் அலறவும் ஃபிராவ் ஹுன்சிக்கர் படியால் இறங்கவும் சரியாய் இருந்தது.

அந்த மனிசி ஒவ்வொரு நெற்றியாய்ப் பார்த்தா, நாயின் நெற்றியைப் பார்த்தா, பிறகு கிண்ணத்தின் அடியைப் பார்த்தா. இரண்டு பேரும் ஜெர்மனில் படபடவென்று கதைத்தார்கள். பிறகு பிள்ளை மூச்சு விட்டாள், "நஞ்சு இல்லையாம். நல்லா வெந்தது, ஒண்டும் செய்யாதாம்."

"அப்ப என்ன அது?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல், "எலும்புச் சாம்பல் அம்மம்மா" என்றாள்.

"என்ன எலும்பு?"

"கண்டுக்குட்டி."

தம்பி, நான் பிறந்து இத்தனை வருசத்தில் முட்டையின் நிழலையும் மிதிக்காதவள். புரட்டாசிச் சனி, விரதம், காலையில் இருந்து வாயில் விழுந்த முதல் பொருள் கன்றுக்குட்டியின் எலும்பு. பிரேதம் தின்ற துரைமாரைப் பார்த்துச் சிரித்தேனே! அப்படியே அங்கே கிடந்த முக்காலியில் இருந்துவிட்டேன். ஃபிராவ் ஹுன்சிக்கர் ஏசப்போகிறா என்று பார்த்தேன். ஏசவில்லை. என் கையைப் பிடித்து, பிள்ளையிடம் ஏதோ சொல்லச் சொன்னா. "அம்மம்மா, இந்தச் சாம்பல் என்னத்துக்கு எண்டு காட்டினால் உங்களுக்குக் கவலை போகுமாம். ஆனா எல்லாத்தையும் நெத்தியில பூசிட்டியள். மிஞ்சினது ஒரு கிண்ணி செய்யத்தான் காணும். அது வெடிச்சால் இண்டைக்கு ஒண்டும் இல்லை."

அந்த மிச்சச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துச் செய்த கிண்ணி என் சுண்டுவிரல் போகுமளவு இருக்கும். அதைக் காயவைத்து, பழைய உலைக்குப் பக்கத்தில் இருந்த சிறிய மின்சார உலைக்குள் வைத்து, ஒரு ஈயத் துண்டை அதில் போட்டா. அந்த ஈயத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் துளி வெள்ளி ஒளிந்திருக்கிறதாம். எல்லாரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். ஈயம் உருகிச் சூரியன் மாதிரிச் சுழன்றது. சாம்பல் கிண்ணி அதைக் குடிக்கத் தொடங்கியது. ஓம், குடித்தது, குழந்தை பால் குடிப்பதுபோல. துளி சிறுக்கச் சிறுக்க அதன் முதுகில் மயில் இறகின் நிறங்களெல்லாம் ஓடின. பிறகு ஒருமுறை மங்கியது. செத்துப்போச்சு, என்னால்தான் கெட்டுப்போச்சு என்று நான் கண்ணை மூடப்போனேன். அந்த நேரம் அது கண் திறந்தது தம்பி. வேறு எப்படிச் சொல்ல? ஒரு பளீர். ஈயம் முழுவதும் போய், வெள்ளித் துளி மட்டும் எங்களைப் பார்த்தது. அவர்களுடைய பாசையிலும் அதற்கு வெள்ளியின் பார்வை என்றுதான் பெயராம். ஈயம் சனி, வெள்ளி சந்திரன். சனிக்கிழமையன்று, என் கண்ணுக்கு முன்னால், சாம்பல் சனியைக் குடித்துவிட்டுச் சந்திரனை விட்டுவைத்தது. நான் என்னையறியாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி "அரோகரா" என்று கத்திவிட்டேன். நெற்றியில் மூன்று குறியோடு நின்ற பத்துப் பேரும் "அரோகரா" என்றார்கள். நாய் குரைத்தது.

நீ இந்த விசயத்தைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருப்பாய். பரீட்சையில் பிள்ளைகளுக்குப் புள்ளியும் போட்டிருப்பாய். உண்மையைச் சொல்லு, ஒருநாளாவது இப்படி நேரில் கண்டிருக்கிறாயோ? கண்டிருந்தால் அன்றைக்கு வீடியோவில் சிரித்திருக்கமாட்டாய்.

வெளியே வந்து அந்தப் பசிலிஸ்க்கின் தொட்டியில்தான் வாய் கொப்பளித்தேன். பார்த்தாலே ஆளைக் கொல்லுகிற பிராணிதான், ஆனால் கன்று தின்றவளுக்கு இனி அது என்ன செய்யும் என்ற துணிவு. என் ஆக்கள் எல்லாரும் விபூதிக் குறியோடு டிராமில் ஏறிப் போனதைப் பார்க்க ஏதோ கொடியேற்றம் முடிந்து போகிற சனம் மாதிரி இருந்தது. ரயிலில் பிள்ளையைக் கேட்டேன், "கடைசியில ஒருத்தரும் தங்கம் செய்யேல்லைத்தானே?" அவள் சொன்னாள், "இல்லை அம்மம்மா. எல்லாரும் தோத்துப்போனவை. ஆனா அதைத் தேடேக்கதான் அமிலம் கண்டவை, மருந்து கண்டவை, இந்தக் கண்ணாடிச் சாமானெல்லாம் கண்டவை. வெண்ட ஆக்களைப் பற்றி எல்லாரும் எழுதுகினம். தோத்த ஆக்களை ஆர் எழுதிறது?" மனதை மாற்றப் போனவளின் மனம் எங்கே போனது என்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும்.

நேற்றுக் காலை திரிம்பாக் கோயிலுக்குப் போய் ஐயரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர், "ஆச்சி, உப்பிடியொரு கேள்வி ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. எதுக்கும் ஒரு எள்ளு விளக்கு ஏத்துங்கோ" என்றார். ஏற்றினேன். திருநீறு சாணத்தில் செய்கிறது, சாணமும் மாட்டுக்குள்ளே இருந்துதானே வந்தது என்று மனதையும் தேற்றிக்கொண்டேன். இதைச் சுகந்திக்குச் சொல்லிவிடாதே. சிவகலாவுக்கும் சொல்லாதே, அவளுக்குச் சொன்னால் கனடாவரை போகும்.

ஆகவே தம்பி, இத்தனை வருசத்தில் நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஏணை ஆட்டின கைக்கு நீ ஒன்றும் தரவும் இல்லை. இப்போது கேட்கிறேன். வருகிற ஞாயிறு மருமகன் கேட்கும்போது சிரிக்காமல், பகிடி விடாமல், "ஓம், படிக்கட்டும்" என்று ஒரு சொல் சொல்லு. உன் வாயால் வந்தால்தான் இந்த வீட்டில் செல்லும். அந்தப் பிள்ளையை என்னைப்போல மறித்துவிடாதே. உன் காலில் விழச் சொன்னாலும் அக்கா விழுவேன், முழங்கால் விட்டால்.

நீயும் சிவகலாவும் நோய் நொடி அண்டாமல், சீனி கூடாமல், பிள்ளைகளின் வாசலில் மதிப்போடு நெடுங்காலம் இருக்க ஒன்பது கிரகங்களும், ராகு கேது உட்பட, துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அக்கா,
தில்லைநாயகி

பின்குறிப்பு: மேலே உள்ளதை வாசித்துவிட்டு ஞாயிறு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு இருப்பாய். யோசிக்கவேண்டாம். நீ சொல்லிவிட்டாய். நேற்றுப் பின்னேரம் மருமகன் பொறுக்கமாட்டாமல் உனக்குப் போன் அடிக்க எடுத்தார். நீ இருக்கிற இருப்பில் என்ன சொல்வாயோ என்ற பயத்தில், "அவன் எனக்கு விடியவே எடுத்துச் சொல்லிப்போட்டான்" என்றேன். என்ன சொன்னவர் என்று கேட்டார். வாய் திறந்த பிறகு நிற்பாட்ட ஏலுமோ? "நான் வாழ்க்கை முழுக்க முடிவைத்தான் படிப்பிச்சன். அந்த முடிவுக்கு ஆக்கள் எந்த இருட்டுக்குள்ளால நடந்து வந்தவை எண்டு ஒரு பிள்ளையும் என்னைக் கேக்கேல்லை. இந்தப் பிள்ளை கேக்குது. மறிக்காதேங்கோ" என்று நீ சொன்னதாய்ச் சொன்னேன். பிள்ளை அந்த நிமிசமே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு வந்து மூன்று தோசை சாப்பிட்டாள். ஞாயிறு உனக்கு நன்றி சொல்ல இங்கே எல்லாரும் நல்லாய் உடுத்துக்கொண்டு நிற்பார்கள், மாறிக் கதைத்துக் குழப்பிவிடாதே. மருமகனுக்குக் கண் கலங்கிவிட்டது. நீ இவ்வளவு நல்லாய்க் கதைப்பாய் என்று எனக்கே தெரியாது.